பிடித்த பத்துப் படங்கள்: பட்டியல் போடுவது எப்படி?

"உனக்கு ரொம்பப் பிடிச்ச பத்துப் படம் சொல்லு" என்று ஒரு நண்பர் கேட்டார். நான் மூச்சு விடாமல் பத்துப் பெயர்களை ஒப்பித்தேன். எல்லாம் உலகப் புகழ் பெற்ற படங்கள். அவர் அதோடு விடவில்லை. "மூணாவதா ஒண்ணு சொன்னியே, அதுல உனக்கு எந்த சீன் பிடிக்கும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் படத்தை நான் பாதிதான் பார்த்திருந்தேன். மீதியைப் பற்றிப் படித்திருந்தேன், அவ்வளவுதான்.

இது நடந்து பல வருடங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு என் பட்டியலை நாலைந்து முறை கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறேன். முதல்முறையாக உட்காருகிறவர்களுக்கு உதவும் என்று என் வழியை இங்கே சொல்கிறேன். ஒரு ராத்திரியில் முடிகிற வேலை இல்லை. இரண்டு மூன்று மாதமாவது பிடிக்கும்.

முதல் படி: தேடாமல் எழுதுங்கள்

ஒரு தாள், ஒரு பேனா, அரை மணி நேரம். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். இதுவரை பார்த்த படங்களில் எதெல்லாம் மனதுக்கு வருகிறதோ வரிசையே பார்க்காமல் எழுதுங்கள். பெயர் மறந்துவிட்டால் 'கிணற்றடியில் அழும் படம்' என்று எழுதினால் போதும். இயக்குநர் யார், எந்த வருடம் என்பதெல்லாம் இப்போது வேண்டாம்.

முதல் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் கடகடவென்று வரும். அவற்றைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பெரும்பாலும் அவை நாம் மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பெயர்கள். அதன்பிறகு ஒரு மௌனம் வரும். பேனாவைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பீர்கள். அங்கேயே எழுந்துவிடாதீர்கள். அந்த மௌனத்துக்கு அடுத்து வருகிற படங்கள்தான் முக்கியம். சின்ன வயதில் டப்பிங்கில் பார்த்த ஒரு சண்டைப் படம் வரும். காய்ச்சலில் படுத்திருந்தபோது மூன்று முறை பார்த்த நகைச்சுவைப் படம் வரும். யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒரு காதல் படமும் வரும். கூச்சப்படாமல் எழுதுங்கள். தாளை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

நினைவிலிருந்து எழுதுவதை நம்பலாமா என்று கேட்டால், ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வைச் சொல்வேன். 1958இல் வந்தபோது அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. எழுபதுகளில் புழக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டது. 1983இல்தான் மறுபடி திரைக்கு வந்தது. ஆனால் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் பத்திரிகை விமர்சகர்களிடம் பத்து ஆண்டுக்கு ஒரு முறை நடத்தும் வாக்கெடுப்பில், 1982லேயே அது முதல் பத்துக்குள் வந்துவிட்டது. அப்போது அதைப் போட்டுப் பார்க்க வழியில்லை. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் எப்போதோ பார்த்ததை நினைவில் வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். இன்று எல்லாம் விரல் நுனியில் கிடைப்பதாலேயே, எது உள்ளே தங்கியிருக்கிறது என்று சோதிக்க நமக்கு ஒரு மூடிய அறை தேவைப்படுகிறது.

இரண்டாம் படி: இரண்டு பத்தி போடுங்கள்

இன்னொரு தாள் எடுத்து நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'சிறந்தவை', வலப்பக்கம் 'பிடித்தவை'. முதல் தாளில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இரண்டிலும் வரும் என்று தோன்றினால் இரண்டிலும் எழுதலாம், ஆனால் அந்தச் சலுகையை எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். அந்த 'சைட் அண்ட் சவுண்ட்' வாக்கெடுப்பு 1952இல் தொடங்கியது. அந்த வருடம் முதலிடம் இத்தாலியப் படமான 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1962லிருந்து 2002 வரை ஐந்து முறை தொடர்ந்து 'சிட்டிசன் கேன்'. இத்தனைக்கும் 1952இல் அது முதல் பத்திலேயே இல்லை. 2012இல் 'வெர்டிகோ'. 2022இல் எல்லோரும் புருவத்தை உயர்த்தும்படி ஷான்டல் ஆகர்மானின் 'ஜான் டீல்மன்' முதலிடத்துக்கு வந்தது. 1975இல் வந்த படம், ஏறக்குறைய மூன்று மணி இருபது நிமிடம். ஒரு விதவைத் தாயின் மூன்று நாள் வீட்டு வேலைதான் படம். உருளைக்கிழங்கு உரிப்பார், பாத்திரம் கழுவுவார், விளக்கை அணைப்பார். கேமரா அசையாது.

முதல்முறை நாற்பது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். இரண்டாவது முறையும் அதே கதி. மூன்றாவது முறை முழுதாகப் பார்த்தேன். இரண்டாம் நாளில் உருளைக்கிழங்கு அடுப்பில் கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிடுகிறது. அதைக் கண்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு கிழங்கு குழைந்துபோனதற்குப் பதற வைக்கிறார் என்றால், எப்பேர்ப்பட்ட இயக்குநர்! சந்தேகமே இல்லாமல் இடப்பக்கம் எழுதினேன். வலப்பக்கம் எழுதவில்லை. மறுபடி பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்தப் படத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை, எனக்கும் இல்லை.

இனிமேல் நம் வேலை வலப்பக்கத்தோடுதான். இடப்பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாம் படி: படத்துக்கு ஒரு காட்சி, ஒரு வரி

எனக்கு இருப்பதிலேயே பிடித்த வேலை இது. வலப்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் எதிரில் ஒரே ஒரு காட்சியை எழுதுங்கள். கதையையோ கருத்தையோ எழுதக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற, காதுக்குக் கேட்கிற ஏதாவது ஒன்று வேண்டும். 'அருமையான நடிப்பு', 'மனதை உருக்கும் திரைக்கதை' என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்படி எந்தப் படத்துக்கும் எழுதிவிடலாம்.

உதாரணத்துக்கு என் நோட்டில் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு (1955) எதிரில் இருப்பது: 'கம்பத்தில் காதை வைத்துக் கேட்பது.' அக்காவும் தம்பியும் ரயில் பார்க்கப் போகும் காட்சியை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ரயிலைவிட, அது வருவதற்கு முன் அந்தக் கம்பத்திலிருந்து வரும் ரீங்காரம்தான் ஞாபகம். என்ன சத்தம் என்று புரியாமல் நிற்கும் அந்த முகங்கள். அந்தக் காட்சியில் வரும் வெள்ளை நாணல் பூக்கள் ஒரு நாள் படப்பிடிப்புக்குப் பிறகு குழு திரும்பி வருவதற்குள் மாடுகள் மேய்ந்து தீர்ந்துபோயின. அடுத்த பூக்கும் பருவம் வரை ராய் காத்திருந்து மீதியை எடுத்தார். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சி இன்னும் நெருக்கமாகிவிட்டது. இருந்தாலும் என் வரியில் மாடு இல்லை, கம்பம்தான் இருக்கிறது. படம் பார்த்தபோது கிடைத்தது வேறு, பிறகு படித்துத் தெரிந்துகொண்டது வேறு. எழுதும்போது இரண்டையும் கலக்காதீர்கள்.

எந்தக் காட்சியும் வரவில்லை என்றால்? படத்தின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். உடனே நீக்கிவிட வேண்டாம். சில படங்கள் காட்சியாகத் தங்காமல் ஒரு மனநிலையாகத் தங்கும். 'படம் முடிந்து வெளியே வந்து, பேசாமலே நடந்தோம்' என்பதும் ஒரு வரிதான்.

நான்காம் படி: திரும்பப் பாருங்கள்

பலரும் தாண்டிக் குதிக்கும் படி இது. பட்டியலில் முதல் இருபதுக்குள் இருக்கும் படங்களையாவது திரும்பப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் பத்து வாரம். அதற்கு மேல் வேகம் வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்று ஏறி எதுவும் மனதில் நிற்காது.

ஏன் திரும்பப் பார்க்க வேண்டும்? ஞாபகம் பொய் சொல்லும். முதல் படியில் ஞாபகத்தை நம்பு என்றேன், இப்போது நம்பாதே என்கிறேன். எது தங்கியிருக்கிறது என்பதை ஞாபகம் சரியாகச் சொல்லும். என்ன நடந்தது என்று கேட்டால் உளறும். 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் கொலையைப் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கத்தி உடம்பில் திரும்பத் திரும்ப இறங்கியதைப் பார்த்ததாக அடித்துச் சொல்வார்கள். போட்டுப் பார்த்தால், அப்படிக் காட்டுவது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சின்னச் சின்னத் துண்டுகளும் அந்த வயலின்களின் அலறலும்தான். மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

திரும்பப் பார்க்கும்போது மூன்றில் ஒன்று நடக்கும். படம் அப்படியே இருக்கும், சந்தோஷம். அல்லது சரிந்துவிடும். பதினைந்து வருடமாக என் பட்டியலில் இருந்த ஒரு படத்தை மறுபடி பார்த்தபோது, அதன் கதாநாயகன் அந்தப் பெண்ணிடம் நடந்துகொள்ளும் விதம் சகிக்கவில்லை. இருபது வயதில் நான் அதைக் கவனிக்கவே இல்லை என்பது இன்னும் சங்கடமாக இருந்தது. வருத்தத்தோடு அடித்தேன். மூன்றாவது வகை அபூர்வம், படம் வளர்ந்திருக்கும்.

எனக்கு அப்படி வளர்ந்தது சிட்னி லூமெட்டின் '12 ஆங்கிரி மென்' (1957). பன்னிரண்டு ஜூரிகள், ஒரு கொலை வழக்கு, ஒரே அறை. தொண்ணூற்றாறு நிமிடப் படத்தில் ஏறக்குறைய எல்லாமே அந்த அறைக்குள்தான். முதல்முறை வசனத்துக்காகவே பார்த்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது, நேரம் ஆக ஆக அறை சுருங்குவதுபோல் மூச்சு முட்டியது. ஏன் என்று புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. முதல் பகுதியில் கேமரா கண் மட்டத்துக்கு மேலிருந்து பார்க்கிறது. நடுப்பகுதியில் கண் மட்டத்துக்கு இறங்குகிறது. கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய்விடுகிறது, கூரை தெரிய ஆரம்பிக்கிறது. கூடவே லென்ஸின் குவியத் தூரத்தையும் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகிறார், அதனால் பின்னாலிருக்கும் சுவர் ஆட்களின் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. வெளியே வரும் கடைசி ஷாட்டில் மட்டும் அகலமான லென்ஸ், அப்போதுதான் நமக்கே மூச்சு வருகிறது. நீங்கள் பார்க்கும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பத்து நிமிடமாவது சுவர்களை மட்டும் கவனியுங்கள்.

இங்கே சில நடைமுறை விஷயங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடாதீர்கள். ஒரே மூச்சில் பாருங்கள், முடியாவிட்டால் இடைவேளை வரும் இடத்தில் நிறுத்துங்கள். எந்த வடிவத்தைப் பார்க்கிறீர்கள் என்று கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. 'பிளேட் ரன்னர்' 1982இல் திரைக்கு வந்தபோது நாயகனின் பின்னணிக் குரலும் ஒரு சுபமான முடிவும் இருந்தன. 1992 வடிவத்தில் இரண்டும் இல்லை. 2007இல் இறுதி வடிவம் என்று இன்னொன்று வந்தது. இரண்டு பேர் இந்தப் படத்தைப் பற்றிச் சண்டை போடும்போது, பல நேரம் இரண்டு வேறு படங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். 'செவன் சாமுராய்' முழுதாக 207 நிமிடம். பல நாடுகளில் அது வெட்டப்பட்டுத்தான் ஓடியது. 'ரொம்ப வேகமான படம்' என்று உங்களுக்கு ஞாபகம் இருந்தால், எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று யோசியுங்கள்.

திரும்பப் பார்ப்பதற்கே எதிரானவர்களும் உண்டு. அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் பொதுவாக ஒரு படத்தை ஒரு முறைதான் பார்ப்பார், அது ஊரறிந்த விஷயம். முதல் பார்வையின் சூடு அவருக்கு முக்கியம். அவருக்கு ஞாபகசக்தி அதிகம். எனக்கு இல்லை, அதனால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஐந்தாம் படி: பத்தாகக் குறையுங்கள்

இருபது முப்பது என்று நீட்டினால் யாரையும் விட்டுக்கொடுக்கத் தேவையிருக்காது, அப்புறம் அது பட்டியலே இல்லை. பத்து என்று நிறுத்துங்கள். இரண்டிரண்டு படங்களாக எதிரெதிரே வையுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று இரவு இதில் ஒன்றைத்தான் பார்க்க முடியும், எதைப் போடுவீர்கள்? மூன்று விநாடிக்குள் பதில் வர வேண்டும். நியாயம் தேட ஆரம்பித்தால், மதிப்புக்காகச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒரே இயக்குநரின் மூன்று படங்கள் வந்தால் வரட்டும். 'ஒரு மொழிக்கு ஒன்று, ஒரு பத்தாண்டுக்கு ஒன்று' என்று பங்கு பிரிக்காதீர்கள். பத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண் போடவும் வேண்டாம். நான் மேலே சொன்ன வாக்கெடுப்பிலேயே ஒருவர் எழுதும் பத்துப் படங்களுக்கும் ஒரே மதிப்புதான், முதலில் எழுதியதற்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது.

ஆறாம் படி: ஓட்டைகளைப் பாருங்கள்

பத்து முடிந்ததும் அதை வேறு யாரோ எழுதியதுபோல் வாசியுங்கள். என் முதல் பட்டியலில் பெண் இயக்குநர் ஒருவர்கூட இல்லை, கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே ஒன்று. பட்டியலைத் திருத்தவில்லை, பார்க்கிற படங்களைத் திருத்தினேன். இடப்பக்கப் பத்தி இப்போது உதவும். அதில் நீங்கள் முழுதாகப் பார்க்காமலே பெயர் மட்டும் எழுதியவற்றை முதலில் பார்த்து முடியுங்கள். (எனக்கு அப்படி ஆறு இருந்தன. நண்பர் கேட்ட அந்த மூன்றாவது படமும் அதில் உண்டு.)

அதற்கு மேல் தேட எளிய வழி, பிடித்த படத்திலிருந்து நூல் பிடித்துப் போவது. எல்லோரும் இயக்குநரைப் பிடித்துப் போவார்கள். நீங்கள் ஒளிப்பதிவாளரைப் பிடித்துப் போய்ப் பாருங்கள். குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) பிடித்திருந்தால், அதில் இலைகளுக்கு ஊடே சூரியனைக் காட்டிய கசுவோ மியாகவாதான் மிசோகுச்சியின் 'உகெட்சு'வுக்கும் (1953) ஒளிப்பதிவு செய்தார். ஓசுவின் 'ஃப்ளோட்டிங் வீட்ஸ்' (1959) படத்துக்கும் அவரே. மூன்று இயக்குநர்களும் மூன்று திசை. ஒரே கண் மூன்று பேருக்கும் எப்படி வளைந்து கொடுத்தது என்று பார்ப்பது தனி ருசி. அதே 'ரஷோமோன்' நூலின் இன்னொரு முனை நம்மிடம் வருகிறது. வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954), பாட்டே இல்லாமல், 'ரஷோமோன்' போலவே ஒரு கொலையை ஒவ்வொருவர் பார்வையிலும் திரும்பத் திரும்பச் சொல்லும் படம். பாட்டில்லாமல் சிவாஜி படமா என்று தயங்குகிறவர்கள் முதல் பதினைந்து நிமிடம் பாருங்கள், போதும்.

ஏழாம் படி: தேதி போடுங்கள்

பட்டியலின் மேல் ஓரத்தில் இன்றைய தேதி. பிறகு மூடி வைத்துவிடுங்கள். ஒரு வருடம் கழித்து, பழையதைப் பார்க்காமல், முதல் படியிலிருந்து மறுபடி. புதிதாகப் பார்த்த படம் ஒன்று உங்களைப் புரட்டிப் போட்டால் உடனே உள்ளே நுழைக்காதீர்கள், ஆறு மாதம் வாசலில் நிற்கட்டும்.

யாராவது நல்ல படம் சொல்லச் சொன்னால் இந்தப் பத்தை அப்படியே நீட்டாதீர்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு, அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். இது உங்களுக்காகப் போட்ட பட்டியல்.

என் நோட்டில் இப்போது ஒன்பது பெயர்கள்தான் இருக்கின்றன. பத்தாவது இடத்தில் ஒரு படத்தை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருக்கிறேன். பென்சிலில்தான் எழுதுகிறேன், ஆனாலும் அந்த இடத்தில் தாள் கொஞ்சம் மெலிந்துவிட்டது.